சொல் காய்ச்சிய கொப்பரை

ஊஞ்சக்காட்டு வலசில் நாச்சிமுத்துவின் வெல்ல ஆலைக் கொப்பரை மனிதர்களின் பேச்சைக் காய்ச்சத் தொடங்கியது ஒரு தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு. அதற்கு முந்தின நாள் வரை அது கரும்புப்பாலை மட்டும் காய்ச்சிக்கொண்டிருந்தது, அன்றிலிருந்து அதையும் இதையும் சேர்த்துக் காய்ச்சியது, அவ்வளவுதான். ஏன், எப்படி என்று கேட்கிற ஆட்கள் அந்த ஊரில் இல்லை, இருந்திருந்தால் முப்பது வருஷமாகத் தெருவிளக்கு ஏன் எரியவில்லை என்பதையல்லவா முதலில் கேட்டிருப்பார்கள்.

கரும்பு மண்ணில் விளைகிற பொருள் என்பதால் மண்ணின் அழுக்கு அத்தனையும் அதற்குள் இருக்கும். ஆலையில் நசுங்கிக் குழாய் வழியே வந்து கொப்பரையில் விழுகிற பால் குட்டைத் தண்ணீர் மாதிரி பச்சையும் கறுப்புமாய்க் கலங்கித்தான் இருக்கும், அதில் மண் இருக்கும், தோகைத்தூள் இருக்கும், செத்த எறும்பு இருக்கும், கண்ணுக்குத் தெரியாத புளிப்பும் மெழுகும் இருக்கும்; அடியில் காய்ந்த சக்கையைத் தள்ளி எரித்து, கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டு, வெண்டைத்தண்டை இடித்துக் கசக்கிய கொழகொழப்பான சாற்றை ஊற்றினால், சூடு ஏற ஏற அந்த அழுக்கெல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மேலே வந்து ஆடையாகப் படியும், ஆடை தடித்து வெடிப்பு விடும், வெடிப்பு விழுகிற நேரத்துக்கும் பால் கொதித்துப் புரள்கிற நேரத்துக்கும் நடுவில் இருக்கிற ஐந்தாறு நிமிஷத்துக்குள் நீளக் காம்பு போட்ட சல்லடைக் கரண்டியால் அத்தனையையும் வழித்து எடுத்துவிட வேண்டும். விட்டால் கொதி மறிந்து அழுக்கு பாலுக்குள்ளேயே திரும்பிப் போய்விடும், அப்புறம் அதைப் பிரம்மா வந்தாலும் பிரிக்க முடியாது, வெல்லம் கட்டியாகாமல் பிசுபிசுத்துக்கொண்டே கிடக்கும். அந்த ஐந்தாறு நிமிஷத்துக்குச் சொந்தக்காரி பாவாத்தாள்.

நாற்பத்திரண்டு வயதில் பதினாறு வருஷத்தை அந்தக் கொப்பரையோரம் நின்றே கழித்திருந்தாள். அழுக்கெடுக்காத பாலைப் பார்க்கிற பார்வையிலேயே ஊரில் எல்லாரையும் பார்ப்பாள், அந்தப் பார்வைக்கு ஊரும் குறை வைத்ததில்லை. அவள் புருஷன் சென்னியப்பன், ஒன்பது வருஷத்துக்கு முன்பு பாலக்காட்டுக்கு வெல்ல லோடு ஏற்றிய லாரியில் போனவன், நாளைக்குப் பொழுதோட வந்துடறேன் என்று சொல்லிப் போனவன், ஒன்பது வருஷமாகியும் அவனுக்குப் பொழுது சாயவில்லை. அங்கே ஒரு மரமில்லுக்குப் பக்கத்தில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று லாரிக்காரர்கள் வந்து சொன்னார்கள். முதல் இரண்டு வருஷம் பாவாத்தாள் கதவுக்குத் தாழ் போடாமல் தூங்கினாள், மூன்றாவது வருஷம் தாழ் போட்டாள், நாலாவது வருஷம் தானே மண் சுமந்து செங்கல் அடுக்கி இரண்டு அறை வைத்து ஓட்டுவீடு கட்டினாள், அந்த வீட்டில் யாருடைய இருமலும் கேட்காமல் யாருடைய சட்டையும் துவைக்காமல் தூங்கி எழுந்தாள். அந்த நிம்மதி அவளுக்கு உயிர். ஆனாலும் ரேஷன் கடை வரிசையில், குழாயடியில், கோயில் வாசலில், சென்னியப்பனைத் திட்டாமல் அவளுக்கு ஒரு நாள் போகாது. அவள் திட்டு ஊருக்கே பழகிப்போய், ஒரு நாள் கேட்காவிட்டால் உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஊராட்சித் தலைவர் தெய்வசிகாமணி நாலு பேரோடு ஆலைக்கு வந்தார். வந்தது சூடாகப் பாகு குடிக்க. ஆனால் நாலு பேர் நிற்கிற இடத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பது அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால், கொப்பரையோரம் நின்று துண்டைச் சரிசெய்துகொண்டு பேச ஆரம்பித்தார், ஆலைக்குத் தார்ச்சாலை வரப்போவதைப் பற்றி, விவசாயியின் வியர்வையைப் பற்றி, தான் வெறுங்காலோடு பள்ளிக்கூடம் போனதைப் பற்றி. வாய் அசைந்தது, கை ஆடியது, சத்தம் மட்டும் வரவில்லை. சத்தம் உதட்டைத் தாண்டியதும் ஆவி பட்டுக் கனத்து, சொட்டுச் சொட்டாகக் கொப்பரைக்குள் விழுவதைப் பாவாத்தாள் பார்த்தாள், பார்த்தவள் ஆச்சரியப்படவில்லை, எரிச்சல்பட்டாள், ஏனென்றால் அன்றைக்கு அழுக்கு மூன்று பங்கு பொங்கி வந்தது.

"ஏனுங் மாமா, இவரை அக்கட்டால கூட்டிட்டுப் போங்க. எடுக்க எடுக்க வந்துட்டே இருக்குதுங்க," என்று அவள் நாச்சிமுத்துவிடம் கத்தினாள். கொப்பரைக்கு மேலே நின்று கத்தியதால் அதுவும் உள்ளே விழுந்து, அதற்கும் சேர்த்து அவளே வழித்தாள்.

பாகு பதத்துக்கு வந்து மரத்தொட்டியில் ஊற்றி ஆற வைத்தபோது, உருண்டை பிடிக்கிற பாகிலிருந்து ஒதுங்கி, நகக்கண் அளவுக்கு ஒரு துண்டு தனியாக இறுகிக் கிடந்தது. அடுப்புக்குச் சக்கை தள்ளுகிற பொங்கியண்ணன், கையில் கிடைப்பதை வாயில் போட்டுப் பார்க்கிற மனிதர், அதையும் எடுத்துப் போட்டுக்கொண்டார். அவர் காதுக்குள் தலைவரின் குரல் தெளிவாகக் கேட்டது: "இன்னொரு டம்ளர் பாகு ஊத்துங்க." முக்கால் மணி நேரப் பேச்சில் அழுக்கெடுத்தபின் மிஞ்சியது அது.

வேறு ஊராக இருந்தால் பயந்திருக்கும், பூசாரியைக் கூப்பிட்டிருக்கும், படித்தவர்கள் கருவியோடு வந்து கொப்பரையைத் தட்டிப் பார்த்திருப்பார்கள். ஊஞ்சக்காட்டு வலசு அடுத்த நாள் காலையில் வரிசையில் நின்றது. கொப்பரைக்கு இந்தக் குணம் வந்ததைப் பற்றி ஒருவருக்கும் கேள்வி இல்லை, யார் முதலில் பேசுவது என்பதில்தான் அடிதடி. மேற்கு வீதிக்காரர்கள் முதல் கொதிக்குப் பேசுவது என்றும் கிழக்கு வீதிக்காரர்கள் இரண்டாம் கொதிக்குப் பேசுவது என்றும், இரண்டு வீதிக்கும் வெளியே குடியிருப்பவர்கள் கரும்பு தீர்ந்தபிறகு வெறும் தண்ணீரில் பேசிக்கொள்வது என்றும் கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள், செய்துவிட்டு எல்லாரும் சமம் என்று தலைவர் பேசிய பேச்சையும் காய்ச்சினார்கள், அதில் கடுகளவுகூட மிஞ்சவில்லை.

அந்த மாசியில் பாவாத்தாள் வழித்த அழுக்குக்கு அளவே கிடையாது. எழவு வீட்டுக்குப் போய் இரண்டு நாள் ஆறுதல் சொல்லிவிட்டு வந்தவர்கள் அதே ஆறுதலைக் கொப்பரையோரம் மறுபடி சொன்னார்கள், அடியில் நின்ற துண்டு, "கடைசி பஸ்ஸு போயிருமுங்க," என்றது. கல்யாணத்துக்கு வந்த கவியரங்கக் கவிஞர் ஒருவர் மணமக்களை வாழ்த்தி நாற்பது பாட்டுப் பாடினார், "கை தட்டுங்க," என்று துண்டு சொன்னது. வரப்புச் சண்டையில் பேசாமல் இருந்த அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்து ஒருவர் பேச்சை ஒருவர் காய்ச்சித் தின்றார்கள், இரண்டு துண்டும் ஒரே மாதிரி, "நீ முதல்ல சாவு," என்றன. அந்த ஒரு விஷயத்திலாவது ரத்தபாசம் இருந்ததே என்று பாவாத்தாள் நினைத்துக்கொண்டாள்.

வழித்த அழுக்கையெல்லாம் கொட்டிய குழி தேனீக்கூடு மாதிரி ரீங்காரம் போட்டது. நாய்கள் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போயின. நல்ல எருவாயிற்றே என்று நாச்சிமுத்து அதை அள்ளித் தன் காட்டுக்குப் போட்டார், கரும்பு பதினைந்தே நாளில் இரண்டு ஆள் உயரத்துக்கு எகிறி வளர்ந்தது, ஊரே வந்து வாய்பிளந்து பார்த்தது, வெட்டி ஆலையில் கொடுத்தால் ஒரு டம்ளர் பால் வரவில்லை, முழுக்கச் சக்கை. அந்தச் சக்கையின் முன்னால் நின்று எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

சில மனிதர்களுக்குத் தங்கள் பேச்சின் எடை தெரிந்தால் பேச்சைக் குறைத்துக்கொள்ளத் தோன்றும். இந்த ஊருக்குத் தோன்றியது வேறு. பாவாத்தாள் ரொம்பவும் வழிக்கிறாள் என்று புகார் கிளம்பியது, அவளுக்குக் கை நீளம், வேண்டுமென்றே நல்லதையும் சேர்த்து எடுக்கிறாள், புருஷன் இல்லாதவள் கை அப்படித்தான் இருக்கும் என்று பேசினார்கள். நாச்சிமுத்து ஒரு நாள் கொப்பரையோரம் வந்து நின்று, ஆவிக்கு எட்டாமல் நாலடி தள்ளி நின்று, தலையைச் சொறிந்தார்.

"கொஞ்சம் மேலாப்புல எடுத்து உட்ரு பாவாத்தா. எல்லாத்தையும் வழிச்சுப்போட்டா சனங்க மொகத்துல எப்பிடி முழிக்கறது?"

பாவாத்தாள் ஆவிக்கு வெளியே தலையை நீட்டினாள். "பாதி அழுக்கை உட்டா கொதி மறிஞ்சு உள்ள போயிருங் மாமா. வெல்லம் கட்டியாவாதுங்க."

"கட்டியாவாட்டிப் போச்சாது. பாக்கறதுக்கு நெறைய இருந்தாப் போதும்."

"அப்ப கரண்டியை நீங்களே புடிங்க," என்று அவள் நீட்டினாள். நாச்சிமுத்துவுக்குக் கரண்டியின் எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது, வந்த வழியே போய்விட்டார்.

வழி கண்டுபிடித்தது தலைவர்தான். ஈரோட்டு மண்டி வியாபாரிகள் வெள்ளை வெல்லம்தான் வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றதால், பாகு நுரைக்கிற நேரத்தில் ஒரு பிடி வெளுப்புப் பொடியை எல்லா ஆலைக்காரர்களும் போடுவது வழக்கம், மூட்டை மூட்டையாக அது கொட்டகை மூலையில் கிடந்தது. பேச்சுக் காய்ச்சுகிற கொதியிலும் அதைப் போட்டால் என்ன என்று தலைவர் கேட்டார், போட்டார்கள். அழுக்கு மேலே வரவே இல்லை, பொடி அதை உள்ளேயே வைத்து வெளுத்துவிட்டது. அவருடைய ஒரு மணி நேரப் பேச்சு தேங்காய் அளவுக்கு, பல்லு மாதிரி வெள்ளையாய், பளபளவென்று வந்து நின்றது. உடைத்து வாயில் போட்டால் எதுவும் கேட்கவில்லை. ஒரு முணுமுணுப்புகூட இல்லை. இதுதான் சுத்தம், இதுக்குப் பேருதான் சுத்தம் என்று நாலு பேர் சொன்னார்கள், பிறகு நானூறு பேர் சொன்னார்கள். கல்யாணப் பந்தியில் வெள்ளை உருண்டை வைத்தார்கள், எழவு வீட்டில் வைத்தார்கள், பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் தலைவரின் ஐந்து பேச்சுகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக வைத்தார்கள், சனங்கள் வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடி, காதில் ஒன்றும் விழாத அந்த இனிப்பில் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்கள். எறும்பு மொய்க்காத வெல்லத்தைத் தின்கிறோமே என்று ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. பாவாத்தாள் மட்டும் பந்தியில் வைத்த உருண்டையை இலையோரம் ஒதுக்கிவிட்டு எழுந்தாள்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் சென்னியப்பன் வந்து சேர்ந்தான். பாலக்காட்டுக்காரி அவனைத் துரத்திவிட்டாள் என்று லாரிக்காரர்கள் சொன்னார்கள்; அவனோ, சொந்த மண் கூப்பிட்டது என்றான். தொப்பை போட்டிருந்தான், தலைக்குச் சாயம் அடித்திருந்தான், ஒன்பது வருஷத்துக்கு முன்னால் விட்டுப்போன செருப்பு எங்கே என்று கேட்கிற தோரணையில் பாவாத்தாள் வீட்டு வாசலில் வந்து நின்றான். அவள் கதவைச் சாத்தினாள். அவன் நேரே தலைவர் வீட்டுக்குப் போனான்.

மூன்றாம் நாள் கோயில் முன்னால் கூட்டம் கூடியது. ஆண் துணை இல்லாத வீடு ஊருக்கே ஆகாது என்றார்கள், அவள் தனியாக மண் சுமந்து வீடு கட்டியபோது எட்டிப்பார்க்காத ஊர் அது. சென்னியப்பனின் மன்னிப்பை முறைப்படி காய்ச்சியாகிவிட்டது என்று சொல்லி, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அதன்மேல் இரண்டு வெள்ளை உருண்டைகளை வைத்து அவள் முன்னால் நீட்டினார்கள். ஒன்றரை மணி நேரம் அழுது அழுது பேசினானாம், அழுகையும் சேர்ந்துதான் அவ்வளவு பெரிதாக வந்திருக்கிறதாம். பாவாத்தாள் ஒரு ஓரத்தைக் கிள்ளி நாக்கில் வைத்தாள்.

"ஒண்ணுங் கேக்கலீங்களே."

"சுத்தமான மன்னிப்பு அப்பிடித்தானம்மா இருக்கும்," என்றார் தெய்வசிகாமணி. "புடிச்சு ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

"பொடி போடாம ஒருக்கா காச்சச் சொல்லுங்க. அழுக்கை நான் எடுக்கறேன். அப்பறம் என்ன நிக்குதோ பாத்துக்கலாமுங்க."

கூட்டம் கொதித்துவிட்டது. ஆம்பளையின் மன்னிப்பைச் சந்தேகப்படுவதா, அதைப் பச்சையாகக் காய்ச்சுவதா, அப்படிக் காய்ச்சினால் ஊரில் யாருடைய மன்னிப்புக்கு மரியாதை இருக்கும் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள், அவரவர் சொந்த வெள்ளை உருண்டைகளை நினைத்துக்கொண்டுதான் கத்தினார்கள். நாச்சிமுத்து எழுந்து, அவனைச் சேர்த்துக்கொள்ளாவிட்டால் நாளையிலிருந்து ஆலைக்கு வரவேண்டாம் என்று சொன்னார், சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் கோபுரத்தைப் பார்த்துச் சொன்னார். தலைவர் கையமர்த்தினார். அவருக்கு ஒரு யோசனை வந்திருந்தது, யோசனை வருகிறபோதெல்லாம் அவர் முகம் பாகு கண்ட முகமாகிவிடும்.

"அவன் பேச்சைக் காச்ச வேண்டாம். உன்ற பேச்சைக் காச்சலாமா? ஒம்பது வருசமாக் கொழாயடியில நீ திட்டின திட்டு ஊருக்கே தெரியும். அத்தனையையும் கொப்பரையில சொல்லு. பொடி வேண்டாம், நீயே அழுக்கெடு. அடியில என்ன நிக்குதோ அதும்படி நடக்கட்டும்."

பிறகு பக்கத்தில் இருந்தவர் காதில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "பொம்பளை திட்டறதெல்லாம் மேலழுக்குத்தான். அதை எடுத்துப்போட்டா அடியில 'வந்துருங்க'ன்னுதான் நிக்கும், பாருங்க," என்றார். சிரித்தார்கள்.

பாவாத்தாளுக்கு அந்தச் சிரிப்பு வலிக்கவில்லை, அவர்கள் சிரிப்பை அவள் எப்போதும் குழியில் கொட்டுகிற கணக்கில்தான் வைத்திருந்தாள். வலித்தது வேறு. அது பொய் என்று அவளால் அடித்துச் சொல்ல முடியவில்லை. தாழ் போடாத அந்த இரண்டு வருஷம் எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியாது. ஊர் பூராவின் அடிமனசையும் நாக்கில் வைத்துப் பார்த்தவள் தன்னுடையதை ஒருநாளும் பார்த்ததில்லை. அடியில் அது நின்றால் வீடு போயிற்று, தூக்கம் போயிற்று, அவன் இருமலைக் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். மாட்டேன் என்றால் கரண்டி போயிற்று. சரி என்று சொன்னாள்.

"துண்டை ஆரு திங்கறது?" என்று கேட்டார் பொங்கியண்ணன், அவருக்கு அதுதான் கவலை.

"என்ற பொண்டாட்டி பேச்சு, நாந்தான் திங்கோணும்," என்றான் சென்னியப்பன், மீசையைத் தடவிக்கொண்டு.

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் ஊரே ஆலைக்கொட்டகைக்கு வந்தது. பொங்கியண்ணன் சக்கையைத் தள்ளினார், பால் சூடேறியது, பாவாத்தாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கரண்டியோடு நின்று பேச ஆரம்பித்தாள். ஒன்பது வருஷத்தைப் பேசினாள். நாசமாய்ப் போவாய் என்பதில் தொடங்கி, கால் விளங்காமல் போக, கை விளங்காமல் போக, அவன் போன லாரி, அந்த லாரியின் டயர், அவனைப் பெற்ற வயிறு, அவன் தொட்ட சோறு, பாலக்காட்டுக்காரியின் கூந்தல் என்று ஒன்றையும் விடாமல் பேசினாள், ஒரு சத்தமும் வெளியே கேட்கவில்லை, வாய் மட்டும் திறந்து மூடியது, எல்லாம் சொட்டுச் சொட்டாக உள்ளே விழுந்தது, விழுந்ததெல்லாம் கன்னங்கரேலென்று மேலே வந்தது. தன் வாயிலிருந்து வந்தது தலைவர் வாயிலிருந்து வந்ததைவிடக் கொஞ்சமும் வெளுப்பாக இல்லை என்பதைப் பார்த்து அவளுக்கு முகம் சுருங்கியது. ஒன்பது வருஷம் இந்தக் குப்பையையா சுமந்தோம் என்று நினைத்தாள், நினைத்துக்கொண்டே வழித்தாள்.

அப்போது ஒரு நினைப்பு வந்தது. ஒரு நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும், கொதி மறிந்துவிடும், அத்தனை கறுப்பும் உள்ளே போய்விடும், துண்டு பிசுபிசுத்து எட்டிக்காயாகக் கசக்கும், அவன் துப்பிவிட்டு ஓடிவிடுவான். வெடிப்பு விழுந்துவிட்டது. கண்டுபிடிக்கிற அளவுக்குத் தொழில் தெரிந்தவர் அங்கே ஒருத்தரும் இல்லை. ஆனால் பதினாறு வருஷத்தில் அவள் ஒரு கொதியைக்கூட மறிய விட்டதில்லை, இந்தக் கூட்டத்துக்காக, அதிலும் இந்தச் சென்னியப்பனுக்காக, தொழிலைக் கெடுத்துக்கொள்வதா? தூ, என்று சொல்லிக்கொண்டாள். அந்தத் தூவும் உள்ளே விழுந்தது. கரண்டியைச் சாய்த்து ஓரத்திலிருந்து நடுவுக்குக் கறுப்பை முழுக்க வழித்தாள்.

இரண்டாவது வெண்டைச்சாறு விட்டதும் மண்ணிறத்தில் ஒரு அழுக்கு வந்தது. அது அவள் தலையெழுத்தைப் பற்றிப் பேசிய பேச்சு, என்னைப் போல உண்டா, யாருக்கு என்ன பாவம் செய்தேன் என்பதெல்லாம். அதை அவள் பால் என்று நினைத்திருந்தாள், அழுக்கு என்று தெரிந்தபோது சங்கடமாகத்தான் இருந்தது, எடுத்துப்போட்டாள். அதற்கப்புறம் அடியில் வெளிறிய நிறத்தில் ஒன்று அசையாமல் நின்றது. அது எது என்று அவளுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, தாழ் போடாத கதவு அது. அழுக்கானால் மேலே வரவேண்டும், பாலானால் கரைய வேண்டும், இரண்டும் செய்யாமல் நின்றது. பாவாத்தாள் கரண்டியைக் கொப்பரை விளிம்பில் ஊன்றி நின்றாள். கூட்டத்தில் தலைவர் கழுத்தை நீட்டிப் பார்த்து, அதோ நிற்கிறது பாருங்கள் என்று சிரித்தார். பொங்கியண்ணன் இன்னும் நாலு கை சக்கையைத் தள்ளினார், சூடு ஏறியது, அந்த வெளிறியது மெல்ல ஓரத்தில் சுருண்டது, சுருண்டு அடியை விட்டுப் பிய்ந்து, நெருப்பு ஏறின பக்கமாகத் தானே மேலே வந்து நுரையாக ஒதுங்கி நின்றது. அவள் அதைக் கரண்டியில் வாங்கினாள். மற்றதை எல்லாம் குழியில் வீசினவள் இதைக் கொஞ்சம் குனிந்து, மெதுவாகக் கவிழ்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது உண்மை, ஆவியில் யாருக்கும் தெரியவில்லை.

பிறகு கொப்பரை அடி தெரிகிற அளவுக்குப் பால் தெளிந்தது. பதம் பார்த்து ஊற்றி ஆறவிட்டபோது தொட்டியின் நடுவில் ஒரு துண்டு, புளியங்கொட்டை அளவு, அதே நிறம், கல் மாதிரி கெட்டி. இதுவா, இவ்வளவுதானா என்று கூட்டம் முணுமுணுத்தது. சென்னியப்பன் அதை எடுத்து ஊரைப் பார்த்து ஒரு சுற்றுத் தூக்கிக் காட்டிவிட்டு வாயில் போட்டுக்கொண்டான்.

எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். மீசையிலிருந்து கை இறங்கியது.

"என்னடா சொல்லுது? வந்துருங்கன்னு சொல்லுதா?" என்றார் தெய்வசிகாமணி.

சென்னியப்பன் பாவாத்தாள் நிற்கிற பக்கம் திரும்பி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நாந்தான். சென்னியப்பன்," என்றான்.

அவன் காதுக்குள் கேட்டது அவள் குரல்தான். அதில் கோபம் இல்லை, குத்தல் இல்லை, தெரு மாறி வந்து கதவைத் தட்டுகிறவர்களிடம் உள்ளே வேலையாய் இருக்கிற பொம்பளைகள் கேட்கிற குரல் அது: "ஆருங்க? ஆரு வேணுங்க?"

துண்டு கெட்டியாக இருந்ததால் சீக்கிரம் கரையவில்லை, அது மறுபடி கேட்டது, அவனும் மறுபடி பேரைச் சொன்னான், அப்பன் பேரைச் சேர்த்துச் சொன்னான், வீட்டு அடையாளம் சொன்னான், கல்யாணம் நடந்த வருஷத்தைச் சொன்னான். அது பொறுமையாக, மரியாதையாக, புதிதாகக் கேட்பது போலவே கேட்டுக்கொண்டிருந்தது. அவன் யாருக்குப் பதில் சொல்கிறான் என்பது கூட்டத்துக்கு மெல்லப் புரிந்தது. முதலில் பொங்கியண்ணன் சக்கைக் குவியல் பக்கம் திரும்பிக்கொண்டார். தலைவர் செருப்பைத் தேடினார். சென்னியப்பன் மட்டும், பாவாத்தாள் அடுத்த கொதிக்கு விட்ட பால் சூடேறுகிற கொப்பரையோரம் நின்று தன் பேரை ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ சொல்லிக்கொண்டிருந்தான், ஆவிக்குப் பக்கத்தில் வந்துவிட்டதால் இப்போது சத்தம்கூட வரவில்லை, அந்தப் பேர் சொட்டுச் சொட்டாக உள்ளே விழுந்து கறுப்பாக மேலே வந்தது.

பாவாத்தாள் வெண்டைச்சாற்றை ஊற்றினாள். கரண்டியைக் கையில் எடுத்தபோதுதான் வழியில் ஆள் நிற்பதைக் கவனித்தாள்.

"ஏனுங்ணா," என்றாள் ஆவியிலிருந்து முகத்தைத் திருப்பி, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கொதி தெறிக்குமுங்க."